ரிமோட்டில் தானாகத் திறக்கும் பின்கதவு: ஒரு ஹேட்ச்பேக் மாற்றமைப்பின் நிகழ்வு ஆய்வு

வண்டி ஐந்து கதவு ஹேட்ச்பேக். சாவி ரிமோட்டில் பூட்ட ஒன்று, திறக்க ஒன்று என இரண்டே பொத்தான்கள். பின்கதவைத் திறக்க, நம்பர் பிளேட்டுக்கு மேலே இருக்கும் ரப்பர் பொத்தானை அழுத்திவிட்டு, கதவைக் கையால் ஏறக்குறைய அரையடி தூக்க வேண்டும். அதன் பிறகுதான் கேஸ் ஸ்ட்ரட்கள் (இருபுறமும் கதவைத் தாங்கும், வாயு அடைத்த தண்டுகள்) பாரத்தை ஏற்று மேலே கொண்டுபோகும். உரிமையாளர் கேட்டது இதுதான்: இரண்டு கையிலும் சாமான் இருக்கும்போது ரிமோட்டை அழுத்தினால் கதவு முழுக்கத் திறந்து நிற்க வேண்டும். மூடுவது கையாலேயே இருக்கலாம்.

மூடுவதும் தானாக நடக்க வேண்டும் என்றால் அது வேறு வேலை. உள்ளே மோட்டாரும் திருகுதண்டும் வைத்த மின் ஸ்ட்ரட்கள், அவற்றுக்கான கட்டுப்பாட்டுப் பெட்டி, பேட்டரியிலிருந்து நேராக இழுத்த தடித்த ஒயர், கைவிரல் சிக்கினால் உணர்ந்து திரும்பும் ஏற்பாடு, கடைசி சில மில்லிமீட்டரை இழுத்துப் பூட்டும் லாட்ச் (பூட்டுக் கொக்கி) என எல்லாம் ஒரே தொகுப்பாக வர வேண்டும். சிக்கினால் நிற்கும் ஏற்பாடு இல்லாமல் தானாக மூடும் கதவை யாருக்கும் செய்துகொடுக்கக் கூடாது. இங்கே செய்தது திறப்பு மட்டும்.

இந்த வேலையைக் கேட்டதும் எல்லோரும் ரிமோட்டையும், அது இயக்கும் மின்சுவிட்சான ரிலேயையும்தான் யோசிப்பார்கள். அது அரைநாள் வேலை. லாட்ச் விடுபட்ட பிறகும் கதவு அசையாமல் கிடப்பதுதான் உண்மையான சிக்கல். ஆகவே அளவெடுப்பு கதவிலிருந்து தொடங்கியது.

கதவின் கணக்கு

கதவைக் கழற்றி எடைபோடத் தேவையில்லை. ஒருவர் பிடித்துக்கொள்ள ஸ்ட்ரட்களைக் கழற்றி, கதவைக் கிடைமட்டமாக வைத்து, கீழ் விளிம்பின் நடுவில் கொக்கித் தராசை மாட்டித் தூக்கினால் போதும். காட்டியது 10.5 கிலோ. விளிம்பு கீலிலிருந்து 95 செ.மீ. தள்ளி இருப்பதால், எடையின் திருப்புத்திறன் (கீலைச் சுற்றிக் கதவைத் திருப்பும் வலு) 98 நியூட்டன் மீட்டர். இதுதான் உச்சம். மூடிய நிலையில் கதவுக்குச் செங்குத்தாக இழுத்துப் பார்த்தால், அசையத் தொடங்கும்போது தராசு 5.3 கிலோ காட்டியது. அதாவது 49 நியூட்டன் மீட்டர். கதவு சாய்ந்து தொங்குவதால் மூடிய நிலையில் பாரம் பாதிதான்.

அடுத்து ஸ்ட்ரட். அதன் மேல் பந்துமுனை கதவில், கீலிலிருந்து 16 செ.மீ. தூரத்தில்; கீழ்ப் பந்துமுனை பாடியில், 50 செ.மீ. தூரத்தில். இரண்டு பந்துகளின் மையத்தையும் தொட்டு ஒரு நூலை இழுத்துக் கட்டி, கீல் அச்சிலிருந்து அந்த நூலுக்குச் செங்குத்துத் தூரத்தை அளந்தால் கிடைப்பதே நெம்புகை. மூடிய நிலையில் அது 20 மி.மீ. மட்டுமே. முழுக்கத் திறந்த நிலையில் 152 மி.மீ.

ஸ்ட்ரட்டின் மேல் அச்சிட்டிருந்த விசை 450 நியூட்டன். அந்த எண் தண்டு நீண்டிருக்கும்போது உள்ள விசையைக் குறிக்கும். முழுக்க அமுங்கினால் இந்த வகையில் சுமார் 1.3 மடங்கு, அதாவது 585 நியூட்டன் வரும். இரண்டு ஸ்ட்ரட்களும் சேர்ந்து மூடிய நிலையில் கொடுப்பது 24 நியூட்டன் மீட்டர். தேவை 49. பாதிகூட இல்லை. ஆனால் கதவு 10 பாகை திரும்பியதும் நெம்புகை 60 மி.மீ. ஆகிவிடுகிறது, ஸ்ட்ரட்கள் 69 கொடுக்கின்றன, கதவு கேட்பது 63. கையால் தூக்க வேண்டிய அந்த அரையடியின் காரணம் இதுதான். தொழிற்சாலை இதைத் தெரிந்தே செய்கிறது. மூடிய கதவைத் தன் எடையே அழுத்திப் பிடித்தால் லாட்சுக்கும், மழைநீரைத் தடுக்கும் கதவோரத்து ரப்பர் பீடிங்குக்கும் பாரம் குறைவு, மூடுவதும் எளிது.

பலமான ஸ்ட்ரட் ஏன் போதவில்லை

பலரும் முதலில் செய்வது இதுதான் என்பதால் இந்த வண்டியிலும் 700 நியூட்டன் ஸ்ட்ரட் போட்டுப் பார்க்கப்பட்டது. மூடிய நிலையில் கிடைப்பது 37, கதவு அசையவில்லை. விளிம்பைக் கையால் மூன்று சென்டிமீட்டர் தூக்கியதும் துள்ளிக்கொண்டு மேலே போய் அடித்தது. மூடும்போது பாதி வழியில் விளிம்பில் 16 கிலோ இழுக்க வேண்டியிருந்தது. நடுவில் இழுத்து மூடும்போது கதவின் மேல் மூலைகள் வளைந்து, கூரை ஓரத்து இடைவெளி கண்ணுக்குத் தெரியும்படி மாறியது. இப்படியே விட்டால் சில மாதங்களில் கீல் இருக்கும் தகடு தளர்ந்து, பீடிங் வழியாக மழைநீர் இறங்கும்.

விசையை மட்டும் கூட்டி மூடிய நிலையிலேயே தூக்க வைக்க வேண்டுமானால், உராய்வையும் சேர்த்தால் ஸ்ட்ரட் ஒன்றுக்கு ஆயிரம் நியூட்டனைத் தாண்ட வேண்டும். அப்போது திறந்த கதவை இறக்கத் தொடங்கவே 23 கிலோ விசை வேண்டும். அந்தக் கதவில் ஆள் தொங்கத்தான் முடியும்.

குறை விசையில் இல்லை, நெம்புகையில் இருக்கிறது. 20 மி.மீ. என்பது சிறிய எண். அதில் சில மில்லிமீட்டர் கூட்டினாலே பெரிய மாற்றம். திறந்த நிலையில் இருக்கும் 152 மி.மீ. அதனால் பெரிதாக மாறாது. பந்துமுனையை நகர்த்தினால் தொடக்கம் மட்டும் பலமாகும், முடிவு ஏறக்குறைய அப்படியே நிற்கும்.

பந்துமுனையை நகர்த்துதல்

பாடிப் பக்கப் பந்தை நகர்த்துவதா, கதவுப் பக்கப் பந்தையா? ஸ்ட்ரட்டின் கோட்டை கீலைப் பொறுத்து 4 பாகை திருப்ப, பாடிப் பக்கத்தில் 35 மி.மீ. நகர்த்த வேண்டும், அங்கே மழைநீர் வடியும் கால்வாய் இருக்கிறது, இடம் இல்லை. கதவுப் பக்கம் கீலுக்கு அருகில் இருப்பதால் அதே பலனுக்கு 11 மி.மீ. போதும். கீலையும் பந்தையும் இணைக்கும் கோட்டுக்குச் செங்குத்தாக, கதவின் வெளிப்புறத்தை நோக்கி நகர்த்த வேண்டும். திசை தவறி உட்பக்கம் நகர்த்தினால் ஸ்ட்ரட்டின் கோடு கீலை ஒட்டி வந்துவிடும்; இன்னும் சில மி.மீ. போனால் கீலைத் தாண்டி அந்தப் பக்கம் போய்விடும். அப்புறம் அது கதவைத் திறக்காது, இறுக்கி மூடும்.

5 மி.மீ. இரும்புத் தகட்டில் பக்கத்துக்கு ஒரு பிராக்கெட் வெட்டப்பட்டது. பழைய எம்8 துளையில் ஒரு போல்ட். பிராக்கெட் சுழலாமல் இருக்க, கதவின் உள் வலுவூட்டும் தகட்டில் ரிவெட் நட் (தகட்டின் துளையில் நிலையாகப் பிடித்துக்கொள்ளும் நட்) அடித்து இரண்டாவதாக ஓர் எம்6 போல்ட். வெளித் தகட்டில் துளையிட்டுப் பிடிப்பது கூடாது. அந்த மெல்லிய தகடு ஏறக்குறைய 700 நியூட்டன் தள்ளுவிசையில் நாளடைவில் கிழியும். புதிய பந்து 10 மி.மீ., எம்8 மரை, பின்புறம் நட். துளையிட்ட இடங்களில் துரு தடுக்கும் பெயின்ட் இரண்டு பூச்சு.

பிராக்கெட்டை இறுதியாக முடுக்கும் முன், ஸ்ட்ரட் குழாய் மூடிய நிலையில் எதையாவது தொடுகிறதா என்று பார்க்க வேண்டும். கால்வாயிலும் பீடிங் ஓரத்திலும் விளையாட்டுக் களிமண் உருண்டைகளை ஒட்டி, கதவை மெதுவாக மூடித் திறந்து, நசுங்கிய தடிமனை அளந்தால் தெரிந்துவிடும். இங்கே மிகக் குறைந்த இடைவெளி 4 மி.மீ. இருந்தது. 2 மி.மீ.க்குக் கீழே வந்தால் குலுக்கலில் உரசும்.

நெம்புகை 20-லிருந்து 36 மி.மீ. ஆயிற்று. அதற்கு 520 நியூட்டன் ஸ்ட்ரட் தேர்ந்தெடுக்கப்பட்டது: பந்து மையங்களுக்கு இடையே நீளம் 525 மி.மீ., ஓட்டம் (தண்டு உள்ளே போய்வரும் தூரம்) 200 மி.மீ. மூடிய கதவில் பந்துகளுக்கு நடுவே 343 மி.மீ. இருக்கிறது, இந்த ஸ்ட்ரட் 325 வரை அமுங்கும் என்பதால் மிச்சம் உண்டு. அமுங்கும் நீளம் போதாத ஸ்ட்ரட்டை வாங்கிவிட்டு கதவை அறைந்து மூடினால் பந்து முறியும், இல்லையென்றால் தகடு வளையும். சரியான விசை கிடைக்காவிட்டால், வால்வு வைத்த 550 நியூட்டன் ஸ்ட்ரட்டை வாங்கி வாயுவைச் சிறிது வெளியேற்றிக் குறைக்கலாம். வெளியேற்றியதைத் திரும்ப நிரப்ப முடியாது, ஆகவே இம்மி இம்மியாக.

ஸ்ட்ரட்டைத் தண்டு கீழே இருக்கும்படி மாட்ட வேண்டும். உள்ளே இருக்கும் சிறிதளவு எண்ணெய் அப்போதுதான் சீலை நனைத்து வைக்கும்; கதவு உச்சிக்கு வரும்போது பிஸ்டன் அந்த எண்ணெய்க்குள் இறங்கி வேகத்தைத் தணிக்கும். தலைகீழாக மாட்டினால் உச்சியில் அடி விழும், சீலும் சீக்கிரம் காய்ந்து வாயு கசியும். முன்பு கையால் தூக்கிய கதவில் இது அவ்வளவாகத் தெரியாது. தானாக எழும் கதவில் முதல் நாளே தெரியும். கழற்றிய பழைய ஸ்ட்ரட்களை அறுக்கவோ சூடாக்கவோ கூடாது. உள்ளே உயர் அழுத்த நைட்ரஜன்.

ஒரு பக்கவிளைவு: ஸ்ட்ரட்டின் நீளம் மாறாததால் கதவு முன்பைவிட 4 பாகை குறைவாகத் திறக்கிறது. விளிம்பு 6 செ.மீ. தாழ்வாக நிற்கும். 535 மி.மீ. நீள ஸ்ட்ரட் போட்டால் பழைய உயரம் வந்துவிடும். தாழ்வான கூரையுள்ள நிறுத்துமிடத்தில் வண்டி நிற்பதால் உரிமையாளர் இந்தத் தாழ்வையே விரும்பினார்.

முதல் ஒன்றரைப் பாகை

இப்போது கணக்கில் மூடிய நிலைக்கு 49 நியூட்டன் மீட்டர் தேவை, கிடைப்பதும் 49. வேண்டுமென்றே இப்படிச் சமமாக வைக்கப்பட்டது. இன்னும் விசையைக் கூட்டினால் மூடுவது கனக்கும். தொடக்க உந்தலை மட்டும் வேறிடத்திலிருந்து எடுப்பதே நல்லது. கதவின் கீழ் மூலைகளில் இருந்த இரண்டு ரப்பர் தாங்கிகளை எடுத்துவிட்டு, அங்கே ஸ்பிரிங் வைத்த தாங்கிகள் பொருத்தப்பட்டன: ஒவ்வொன்றும் அமுங்கும்போது 40 நியூட்டன், ஓட்டம் 25 மி.மீ. லாட்ச் விட்டதும் இவை கதவை 25 மி.மீ. தள்ளுகின்றன, அது ஏறக்குறைய 1.6 பாகை. அந்த இடத்தில் ஸ்ட்ரட்கள் 58 கொடுக்கின்றன, எடை 51 கேட்கிறது. அங்கிருந்து கதவு தானாகப் போகும்.

ஸ்பிரிங் இல்லாமல் சோதித்தபோது வெயில் நேரத்தில் திறந்தது, குளிர்ந்த காலையில் திறக்கவில்லை. லாட்ச் "டக்" என்று விடும். கதவு நகராமல் கிடக்கும். மோட்டார் பழைய நிலைக்குத் திரும்பியதும் லாட்ச் மறுபடி பிடித்துக்கொள்ளும். சில சமயம் முழுப் பிடிக்கு முந்தைய அரைப் பிடியில் மாட்டி, பூட்டியது போலவே தெரியும். ஸ்ட்ரட்டுக்குள் இருப்பது வாயு என்பதால் வெப்பநிலை ஒரு டிகிரி குறைந்தால் விசை ஏறக்குறைய 0.34 விழுக்காடு குறையும். 20 டிகிரியில் 520 என்றால் 0 டிகிரியில் 484. அப்போது 1.6 பாகையில் மிச்சம் ஏறக்குறைய மூன்றே நியூட்டன் மீட்டர். அதற்கும் கீழே போகும் குளிரில் இந்த அமைப்பு தடுமாறும். அப்படிப்பட்ட ஊருக்கு 550 நியூட்டனில் தொடங்க வேண்டும். ஸ்ட்ரட் தேர்வை வருடத்தின் மிகக் குளிர்ந்த காலையை வைத்துச் செய்ய வேண்டும். மதிய வெயிலில் சோதித்துவிட்டு வண்டியைக் கொடுத்தால் அது திரும்பி வரும்.

ஸ்பிரிங்கையும் அளவோடு வைக்க வேண்டும். 150 நியூட்டன் ஸ்பிரிங் போட்டால் லாட்சின் கொக்கி எப்போதும் இறுகிய நிலையில் இருக்கும். அதை விடுவிக்க மோட்டார் திணறும், மூடும்போது அறைய வேண்டி வரும். ஸ்பிரிங்கால் ஓர் உபரி நன்மையும் உண்டு. லாட்ச் பிடிக்காமல் விட்ட கதவு விரியத் திறந்து காட்டிக்கொடுத்துவிடும். பின்கதவு சற்றே திறந்த நிலையில் ஓடினால் புகைபோக்கியின் வாயு உள்ளே உறிஞ்சப்படும் என்பதால் இது சின்ன விஷயமில்லை.

மின் இணைப்பு

முதலில் பார்க்க வேண்டியது, வண்டியிலேயே அந்த வசதி உறங்கிக்கொண்டிருக்கிறதா என்பது. சில மாடல்களில் விலை குறைந்த வகைக்கும் விலை கூடிய வகைக்கும் ஒரே பாடி கன்ட்ரோல் மாட்யூல்தான் (பூட்டு, விளக்கு போன்றவற்றை இயக்கும் மின்னணுப் பெட்டி). பின்கதவுப் பொத்தானை ஸ்கேன் கருவியில் இயக்கிவிட்டால் முடிந்தது. இந்த வண்டியில் அது இல்லை.

லாட்சில் மோட்டார் ஏற்கெனவே இருந்தது. அதற்கு நேராக 12 வோல்ட் கொடுத்துத் திறப்பது எளிய வழி, ஆனால் மோசமான வழி. வண்டி ஓடுகிறதா, பூட்டியிருக்கிறதா என்று பார்க்கும் காவல் எல்லாம் மாட்யூலுக்குள் இருக்கிறது. மோட்டாருக்கு நேராக மின்சாரம் கொடுத்தால் அதைச் சுற்றிக்கொண்டு போய்விடுகிறோம். ரிமோட்டின் சிக்னலை வாங்கும் ரிசீவரின் கோளாறில் ரிலே ஒட்டிக்கொண்டால் மோட்டாரும் கருகும். இங்கே செய்தது, ரப்பர் பொத்தானின் இரு ஒயர்களுக்குக் குறுக்கே ரிலேயின் தொடுமுனைகளை இணைத்தது மட்டும். மாட்யூலைப் பொறுத்தவரை யாரோ ஒருவர் பொத்தானை அழுத்துகிறார். வண்டி பூட்டியிருந்தாலோ ஓடிக்கொண்டிருந்தாலோ அது மறுத்துவிடும். உங்கள் வண்டியின் மாட்யூல் உண்மையிலேயே மறுக்கிறதா என்பதை, ஆளில்லாத இடத்தில் மெதுவாக ஓட்டியபடி உள்ளிருந்து ஒருவர் பொத்தான் ஒயர்களைத் தொடவைத்துச் சோதித்துக்கொள்ள வேண்டும். மறுக்கவில்லை என்றால் இக்னிஷன் போட்டிருக்கும்போது இணைப்பைத் துண்டிக்கும் தனி ரிலே கட்டாயம்.

பொத்தான் வெறும் சுவிட்சா, உள்ளே ரெசிஸ்டர் இருக்கிறதா என்று மல்டிமீட்டரில் பார்க்காமல் இணைக்கக் கூடாது. பேட்டரியைக் கழற்றி, பொத்தானின் இணைப்பியைப் பிரித்து, பொத்தானை அழுத்தியபடி அளந்தால் வெறும் சுவிட்ச் ஓம் ஒன்றுக்கும் கீழே காட்டும். சில நூறு ஓம் காட்டினால், அதே மதிப்புள்ள ரெசிஸ்டரை ரிலேயோடு தொடராகச் சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் மாட்யூல் அதை ஷார்ட் என்று எடுத்துக்கொண்டு பிழைக் குறியீடு பதியும்.

கதவுக்கும் பாடிக்கும் நடுவே இருக்கும் ரப்பர் குழாய்க்குள் புதிய ஒயர் நுழைப்பது இந்த வேலையில் எல்லோரும் அஞ்சும் கட்டம். ஒவ்வொரு திறப்பிலும் வளையும் இடம் அது. நெருக்கி நுழைத்தால் பின் வைப்பர், கண்ணாடிச் சூடேற்றி ஒயர்கள்கூட அறுந்துபோகும். ஆனால் நுழைக்கவே தேவையில்லை. பொத்தானின் ஒயர்கள் எப்படியும் அந்தக் குழாய் வழியாகப் பாடிக்குள் வந்துதான் ஆக வேண்டும். டிக்கியின் பக்க டிரிம்மைக் கழற்றி, அங்கே வரும் கட்டில் அந்த இரு ஒயர்களை மல்டிமீட்டரின் பீப் ஒலியால் அடையாளம் கண்டு, சால்டர் செய்து சுருங்கு உறை போட்டு இணைத்தாயிற்று. கடித்துப் பிடிக்கும் பிளாஸ்டிக் இணைப்பிகள் வேண்டாம். மெல்லிய ஒயரின் இழைகளை அறுத்துவிடும்.

தனியாக வாங்கிய புதிய ரிமோட்டின் ரிசீவர் 12 வோல்ட், 433.92 மெகாஹெர்ட்ஸ், ஒவ்வொரு அழுத்தத்துக்கும் குறியீடு மாறும் வகை. குறியீடு மாறாத மலிவு வகையைப் பதிவுசெய்து திரும்ப ஒலிபரப்பினால் யாரும் திறக்கலாம். அழுத்தியிருக்கும் வரை மட்டும் இணையும் முறையில் அதை அமைக்க வேண்டும். ஒருமுறை அழுத்தினால் இணைந்தே நிற்கும் முறை தொழிற்சாலை அமைப்பாக வந்தால் முதலில் அதை மாற்ற வேண்டும். ரிசீவரின் வெளியீடு நேராகப் பொத்தானுக்குப் போகாமல், 1.5 விநாடி தாமதித்து இணையும் டைமர் ரிலே வழியாகப் போகிறது. பையில் ரிமோட் தெரியாமல் அமுங்கினால் கதவு எழாமல் இருக்க இதுவே காப்பு. ரிலே அணையும்போது எழும் மின்துள்ளலை அடக்க, ரிலே சுருளின் குறுக்கே ஒரு 1என்4007 டயோடு.

ரிசீவருக்கான மின்சாரத்தை டிக்கி விளக்கிலிருந்து எடுப்பது பலர் விழும் குழி. பல வண்டிகளில் பேட்டரியைச் சேமிக்க, நிறுத்திய சில நிமிடங்களில் மாட்யூல் அந்த இணைப்பைத் துண்டித்துவிடும். பட்டறையில் அருமையாக வேலை செய்யும்; கடைக்குள் போய்விட்டுத் திரும்பி வந்தால் செத்துக் கிடக்கும். ஃப்யூஸ் பெட்டியில் எப்போதும் உயிரோடு இருக்கும் இணைப்பிலிருந்து, 1 ஆம்பியர் ஃப்யூஸோடு, 0.5 சதுர மி.மீ. ஒயர் இழுக்கப்பட்டது. ரிசீவர் சும்மா இருக்கும்போது எடுப்பது 6 மில்லிஆம்பியர், மாதத்துக்கு 4.3 ஆம்பியர் மணி. தினமும் ஓடும் வண்டிக்கு இது பொருட்டில்லை. மாதக்கணக்கில் நிறுத்தி வைப்பவர் ஃப்யூஸைக் கழற்றிவிடலாம்.

முதலில் ரிமோட் மூன்று மீட்டருக்கு அப்பால் எட்டவில்லை. ஆன்டெனா ஒயரைச் சுருட்டி இரும்புத் தகட்டின் மேல் ஒட்டியிருந்ததே காரணம். அந்த அலைவரிசைக்குக் கால் அலைநீளம் 17.3 செ.மீ.; அந்த நீளத்துக்கு வெட்டி, பின்பக்கக் கண்ணாடிக்கு அருகே பிளாஸ்டிக் டிரிம்மின் பின்னால் நேராக நிறுத்தியதும் சிக்கல் தீர்ந்தது.

பூட்டிய வண்டியின் பின்கதவு புதிய ரிமோட்டால் திறக்காது. முதலில் வண்டியின் சொந்த ரிமோட்டில் திறப்புப் பொத்தான், பிறகு இது. ஒரே அழுத்தத்தில் இரண்டும் நடக்கும்படி செய்ய முடியும். அப்படிச் செய்தால் வண்டி முழுவதன் பாதுகாப்பும் வெளியே வாங்கிய ரிசீவரின் தரத்துக்கு இறங்கிவிடும். அதனால் செய்யவில்லை. "சில நேரம் வேலை செய்கிறது, சில நேரம் செய்யவில்லை" என்று வந்த புகாரும் இதோடு சேர்ந்ததுதான்: பூட்டைத் திறந்து அரை நிமிடத்துக்குள் எந்தக் கதவையும் திறக்காவிட்டால் வண்டி தானாக மறுபடி பூட்டிக்கொள்கிறது. அதன் பிறகு ரிமோட்டை அழுத்திப் பயனில்லை.

ஒப்படைக்கும் முன்

ஸ்ட்ரைக்கரை (லாட்ச் கவ்விப் பிடிக்கும் வளையம்) சரிசெய்து, கதவு பக்கத் தகடுகளோடு மட்டமாக நிற்கிறதா, பீடிங்கில் தாள் துண்டு வைத்து மூடி இழுத்தால் எல்லா இடத்திலும் ஒரே இறுக்கமா என்று பார்க்க வேண்டும். ஸ்பிரிங் தாங்கி ஒரு பக்கம் உயர்ந்திருந்தால் அந்த மூலையில் தாள் எளிதாக வந்துவிடும்.

இறக்கத் தொடங்கக் கணக்குப்படி விளிம்பில் 7 கிலோ, பாதி வழியில் 9.5 கிலோ, முன்பு இவை 5-உம் 6.6-உம். உராய்வால் நேரில் இன்னும் ஒரு கிலோவுக்கு மேல் கூடும். உயரம் குறைந்தவர்களுக்கு இது சிரமம் என்பதால் உட்பக்கம் ஒரு நாடாப் பிடி தைத்துப் பொருத்தப்பட்டது. திறக்கும்போது விளிம்பு, மூடிய இடத்திலிருந்து ஏறக்குறைய 48 செ.மீ. பின்னால் வீசி வருகிறது. சுவரை ஒட்டி நிறுத்தியிருந்தால், குழந்தை பின்னால் நின்றால், முன்பு கை தூக்கும்போது கண் பார்த்த இடத்தை இப்போது யாரும் பார்ப்பதில்லை. கதவைப் பார்க்கும் இடத்திலிருந்து மட்டுமே அழுத்த வேண்டும் என்பது உரிமையாளருக்கு எழுதியே கொடுக்கப்பட்டது.

பின்கதவில் சைக்கிள் தாங்கியோ கூடுதல் ஸ்பாய்லரோ மாட்டினால் மேலே சொன்ன எண்கள் எதுவும் பொருந்தாது. விளிம்பில் இரண்டு கிலோ கூடினாலே கதவு ஸ்பிரிங் தள்ளிய இடத்தில் நின்றுவிடும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பிராக்கெட் போல்ட்களின் முடுக்கத்தையும் பந்துகளில் கிரீஸையும் பார்க்க வேண்டும். கதவு உச்சிக்குப் போகும் வேகம் குறையத் தொடங்கினால் இரண்டு ஸ்ட்ரட்களையும் சேர்த்தே மாற்ற வேண்டும்; ஒன்றை மட்டும் மாற்றினால் கதவு முறுக்கிக்கொண்டு எழும்.